அக்காவின் பெயரில் ஓர் எழுத்து

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அக்காவோடு எங்காவது கிளம்ப வேண்டியிருந்தது. அத்தான் போன பிறகு அவளுக்குச் சேர வேண்டிய பணம் ஓர் எழுத்தில் சிக்கிக் கிடந்தது. திருமணச் சான்றிதழில் அத்தானின் பெயரிலுள்ள பிள்ளை என்பது ஆங்கில 'ஐ'யில் முடிகிறது; இறப்புச் சான்றிதழில் 'ஒய்'யில். இருவரும் ஒருவரே என்று இன்னோர் அலுவலகத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். நான்கு முறை பஸ் ஏறினோம். கடைசி முறை, முழங்கால் வீங்கி, அக்கா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு தாளிலும் இருந்தது ஒரே 13 இலக்க அடையாள எண்! 1860-இல் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் இங்கே இறக்கிய ட்ரூரோ கப்பல் வந்த காலத்திலிருந்தே நம் பெயர்களைக் காதில் விழுந்தபடிதான் எழுதிவைத்தார்கள். எழுத்தை நம்பி ஆளைத் தேடினால் நம்மில் பாதிப் பேர் தொலைந்துபோவோம். எண்ணைச் சொல்லி ஒரு துறையின் கணினி மற்றதைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. எஸ்தோனியாவில் 2001 முதல் எக்ஸ்-ரோடு என்ற ஏற்பாடு இதைச் செய்கிறது. அந்தந்தத் துறையின் பதிவு அங்கேயே இருக்கும். வேண்டியதை மட்டும் பாதுகாப்பான வழியில் கேட்டுப் பெறுவார்கள். தன் விவரத்தை யார் எடுத்துப் பார்த்தார்கள் என்பதைக் குடிமக்களும் பார்த்துக்கொள்ளலாம்.

துறைகள் கைகோத்தால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்தப் பயம் உண்டு. 1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் நம்மை இனம் பிரித்து எழுதியது. அதே ஆண்டு வந்த குழுப் பகுதிகள் சட்டம் அந்த இனத்தைக் காட்டி டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து உன் வீட்டையும் என் வீட்டையும் பெயர்த்தது. உன் அப்பா அந்த மாமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி லாரியில் ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடையாள எண்ணிலேயே இனக்குறி இருந்த காலத்தையும் பார்த்தவர்கள் நாம்.

அதனால்தான் கேள்வி அளவோடு இருக்க வேண்டும் என்கிறேன். பணம் தருகிறவர், 'இவர் இறந்தவரின் மனைவியா?' என்று கேட்கட்டும். 'ஆம்' என்ற பதில் போதும். அக்காவின் மருத்துவக் குறிப்பு அவருக்கு எதற்கு? நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. யார் பார்த்தார்கள் என்பது கேட்காமலே நமக்குத் தெரிய வேண்டும்.

அக்காவுக்குச் சென்ற செவ்வாயன்று பணம் வந்துவிட்டது. அத்தானின் திதி தை மாதத்தில் வருகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து முந்தின நாளே வந்துவிடு. உன் சான்றிதழ்களையும் உன் மனைவியின் சான்றிதழ்களையும் எடுத்து வா. எழுத்துகளை இப்போதே சரிபார்த்துவிடுவோம்.

உன் பழைய நண்பன்