தெரிந்த சொற்களைப் பேசப் பழகு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அலுவலகக் கூட்டங்களில் மற்றவர்கள் பேசுவது எல்லாம் புரிகிறது, நீ பேச வேண்டிய நேரத்தில்தான் வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு மருந்தாகக் கடினமான ஆங்கிலச் சொற்களைத் தினமும் மனப்பாடம் செய்கிறாயாமே! எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டப்படிப்பு வரை ஆங்கிலத்தில் படித்தவளுக்குச் சொற்பஞ்சம் எங்கிருந்து வந்தது? தெரிந்த சொல் வேண்டிய நேரத்தில் நாக்குக்கு வந்து சேருவதில்லை, அவ்வளவுதான் உன் சிக்கல்.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1930-இல் 850 சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒரு சுருக்க மொழியை அமைத்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. கம், கோ, கெட், கிவ், டேக், புட், கீப் என்று எல்லாம் குழந்தைக்கும் தெரிந்தவை. இவற்றின் பின்னால் அப், அவுட், ஆஃப், ஆன் என்று ஏதேனும் ஒன்றை ஒட்டிவிட்டால் பெரிய வினைகளின் வேலையும் நடந்துவிடும் என்பது அவர் கணக்கு. முழு ஆங்கிலத்தையும் அந்தச் சிமிழுக்குள் அடைக்க முடியாதுதான். ஆனால் உன் அலுவலகத்தில் பேச்சைக் கவனித்துப் பார். தள்ளிப்போடுவதற்கு நாம் 'போஸ்ட்போன்' என்னும் இடத்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 'புட் ஆஃப்' என்பார்கள். பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் 'டாலரேட்' என்பதற்கு 'புட் அப் வித்', தீயை அணைப்பதைச் சொல்லும் 'எக்ஸ்டிங்விஷ்' என்பதற்கு 'புட் அவுட்'.

இந்த வித்தை நமக்குப் புதிதும் அல்ல. வந்துவிட்டான் என்பதற்கும் வந்துதொலைத்தான் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உனக்கு யாராவது சொல்லித் தந்தார்களா? துணைவினை மாறினால் பேசுகிறவரின் மனநிலையே மாறிவிடும் என்று காதால் கற்றாய். 'புட் ஆஃப்', 'புட் அப் வித்' போன்றவற்றையும் அப்படித்தான் பிடிக்க வேண்டும். பிரித்துப் பொருள் தேடாதே. முழுத் தொடராக, அது வந்த வாக்கியத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'டிட்ன்ட் யூ கெட் த மெயில்?' என்று ஒருவர் கேட்கிறார். மின்னஞ்சல் வரவில்லை. தமிழில் "ஆமாம், வரவில்லை" என்போம். அதே பழக்கத்தில் 'யெஸ்' என்று சொல்லி நிறுத்திவிடுவோம். அவரோ உனக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். தமிழில் நாம், கேள்வி கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் நடந்தது என்றால் 'யெஸ்', நடக்கவில்லை என்றால் 'நோ'. ஆகவே 'நோ, ஐ டிட்ன்ட்' என்று முழுதாகச் சொல். 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்பதும் இதே வகைதான். காத்திருப்பதில் உனக்கு ஆட்சேபம் உண்டா என்பது கேள்வி. சம்மதம் என்றால் 'நாட் அட் ஆல்'. 'யெஸ்' என்றால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும்.

மரியாதையும் அப்படியே. நமக்கு 'நீங்கள்', 'வாருங்கள்' என்று சொல்லிலேயே பணிவு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. அதனால் பணிவைக் கேள்வியாக்கிச் சொல்கிறார்கள்: 'குட் யூ', 'வுட் யூ'. 'செண்ட் மி த ஃபைல்' என்பதோடு 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அதில் கட்டளையின் சாயல் போகாது. 'குட் யூ செண்ட் மி த ஃபைல்?' என்று கேள்.

வாய் அடைத்துப்போகும் நேரத்துக்கென்று சில தொடர்களைக் கைவசம் வைத்திரு. காதில் சரியாக விழாவிட்டால் 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?'. புரிந்தது சரியா என்று பார்க்க 'டூ யூ மீன்' என்று தொடங்கி, நீ விளங்கிக்கொண்டதை உன் சொற்களில் சொல். விடை தெரியாவிட்டால் 'லெட் மி செக் அண்ட் கெட் பேக் டு யூ'. இந்த மூன்றும் யோசிக்காமல் வருகிற அளவுக்குப் பழகிவிட்டால் கூட்டத்தில் பாதிப் பயம் போய்விடும்.

மரபுத்தொடர்களுக்கு அவசரப்படாதே. 'கால் இட் எ டே' என்று ஒருவர் சொன்னால் இன்றைக்கு வேலை போதும் என்கிறார் என்று புரிந்தால் போதும். பூனையும் நாயுமாய் மழை பெய்வதாகச் சொல்லும் அந்தப் பாடப்புத்தகத் தொடரை மறந்தே போனாலும் நட்டமில்லை.

மனப்பாடம் பற்றி ஒன்று. ஜெர்மானிய உளவியலாளரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது; ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிலைக்கிறது. ஆகவே குறிப்பேட்டில் இன்று எழுதியதை நாளை மூடி வைத்துச் சொல்லிப் பார். பிறகு சில நாள் கழித்து, அதன்பின் அடுத்த வாரம். மனத்துக்குள் அல்ல, வாய்விட்டு. 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முதல் அசையில், வினையானால் இரண்டாவதில். கண்ணால் படித்தால் இது எப்படித் தெரியும்?

வரும் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும் என்று வைத்துக்கொள். என்ன கேட்டாய், என்ன பதில் வந்தது என்று அப்படியே எழுதி அனுப்பு. அந்தக் கடினச் சொல் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடு. தேர்வு ஏதாவது எழுதினால் அப்போது எடுக்கலாம்.

அன்புடன்,
அப்பா