குழி விழுந்த முட்டையை எறிந்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் செல்லப்பிராணிகள் பகுதியில், பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணானின் முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கும் முறை பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். பெட்டி, வெப்பநிலை, ஈரம் எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசியில், சுருங்கிய முட்டைகளையும் பூஞ்சை பிடித்தவற்றையும் உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பிப் பெட்டியைத் திறக்கிறவர் கையால் உயிருள்ள முட்டைகள் குப்பைக்குப் போய்விடும். பல வருடங்களாக இந்த ஓணான்களை வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து வருகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கோழி முட்டையை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த முட்டை புதிது. ஓடு கெட்டியாக இருக்காது, தோல் மாதிரி வளைந்து கொடுக்கும். அந்தத் தோல் வழியாகத்தான் முட்டை சுற்றிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. இட்டபோது இருந்ததைவிட நன்றாகப் பருத்துவிடுவது நல்ல முட்டையின் அடையாளம். ஈரம் குறைந்தால் அதே தோல் வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும், மேலே குழி விழும். முதல் சில வாரங்களில் குழி விழுந்தால் பெரும்பாலும் முட்டை தண்ணீர் கேட்கிறது என்றுதான் பொருள். பெட்டியில் முட்டைகளுக்கு அடியில் பரப்பும், ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டைக் கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது. உதிர்ந்து போனால், வெதுவெதுப்பான தண்ணீரைப் பெட்டியின் ஓரமாகக் கொஞ்சம் ஊற்றுங்கள். முட்டையின் மேல் படக் கூடாது. கருக்கூடிய முட்டையாக இருந்தால் ஓரிரு நாளில் குழி நிரம்பத் தொடங்கும். கூமுட்டை என்றால் ஈரம் கொடுத்த பிறகும் சுருங்கிக்கொண்டே போகும், நிறமும் மஞ்சளாகும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஓரிரு நாள்தான். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் தூக்கி எறிவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

ஈரம் மிஞ்சினாலும் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடியில் கோத்த நீர் முட்டை மேல் சொட்டிக்கொண்டே இருந்தால் நல்ல முட்டையும் அழுகும்.

அப்புறம் வெளிச்சம் வைத்துப் பார்க்கும் விஷயம். முட்டையிட்டு ஒரு வாரம் ஆன பிறகு, அறையை இருட்டாக்கி, சூடு ஏறாத சிறிய எல்இடி டார்ச்சை முட்டையின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். கருக்கூடிய முட்டை உள்ளே இளஞ்சிவப்பாக ஒளிரும். கண்ணைக் கொஞ்ச நேரம் பழக்கினால், ஒரு சிவப்புப் புள்ளியிலிருந்து நூல் நூலாக ரத்தக் குழாய்கள் பிரிந்து ஓட்டின் உட்புறத்தில் படர்ந்திருப்பது தெரியும். கரு இல்லாத முட்டை மொத்தமும் ஒரே மஞ்சளாக இருக்கும், நூல் எதுவும் இராது. ஆனால் முதல் முறை நூல் தெரியவில்லை என்பதற்காகத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். கரு மறுபக்கம் இருக்கலாம், வளர்ச்சி சற்றுப் பின்தங்கியும் இருக்கலாம். அடுத்த வாரம் மீண்டும் பாருங்கள். முன்பு தெளிவாகத் தெரிந்த குழாய்கள் மங்கி மறைந்து முட்டை மஞ்சளாகிப் போனால்தான் கரு இறந்துவிட்டது என்று கருதலாம். கடைசி வாரங்களில் குஞ்சு உள்ளே நிறைந்துவிடுவதால் வெளிச்சம் ஊடுருவாமல் முட்டை இருண்டு தெரியும். அதைப் பார்த்துப் பயந்து எறிகிறவர்களும் உண்டு.

இந்தச் சோதனைக்காக முட்டையை எடுத்து உருட்டவே கூடாது. கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும், அது அதற்கு நல்லது. இங்கே கதை நேர் எதிர். முட்டையிட்ட ஓரிரு நாளுக்குள் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு புரட்டினால் கரு செத்துப்போகலாம். முட்டைகளைப் பெட்டிக்கு மாற்றும்போதே ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கடைசிவரை மேலே பார்த்தபடியே இருக்கட்டும்.

பூஞ்சைக்கும் இதே பொறுமை வேண்டும். அது முதலில் பிடிப்பது பெரும்பாலும் கூமுட்டையைத்தான். அங்கிருந்து பக்கத்து முட்டைக்கும் பரவும். மேலே லேசாகப் படிந்திருந்தால் உலர்ந்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்துவிட்டு, புள்ளி மேலே இருக்கும்படியே சற்றுத் தள்ளி வையுங்கள். வெளிச்சத்தில் ரத்தக் குழாய் தெரிகிற முட்டை பூஞ்சையோடு இருந்தாலும் பொரிக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஒன்றோடொன்று ஒட்டிப்போன முட்டைகளை மட்டும் இழுத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள், ஓடு கிழிந்துவிடும்.

சரி, எதைத்தான் எறிவது? துர்நாற்றம் வீசுகிற முட்டை, பழுப்பாக நீர் கசிகிற முட்டை, ஈரம் கொடுத்தும் முழுவதும் ஒடுங்கிப்போன மஞ்சள் முட்டை. இவற்றில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

வெப்பநிலையைப் பற்றி அந்தக் குறிப்பில் விட்டுப்போன ஒன்று. 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் பொதுவாக 55 முதல் 75 நாட்களுக்குள் பொரிக்கும். 32 டிகிரியைத் தாண்டினால், குரோமோசோம்படி ஆணாக இருக்க வேண்டிய கருக்கள் பெண்ணாக மாறத் தொடங்குகின்றன. இந்த ஆஸ்திரேலிய ஓணானிடம் இதை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2007-இல் வெளியிட்டார்கள். 2015-இல் இயற்கையில் வாழும் ஓணான்களிடமும் இது நடப்பது உறுதியானது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த முட்டைகளும் வெள்ளையாக, பருமனாக, ஆரோக்கியமாகத்தான் இருக்கும். அதனால் இன்குபேட்டரின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், முட்டைகளுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு வெப்பமானி வைக்க வேண்டும்.

நாள் கணக்கை எழுதி வைப்பதும் கட்டாயம். ஏனென்றால் பொரிப்பதற்குச் சற்று முன்பு நல்ல முட்டைகளும் சுருங்கும்! ஓட்டில் பள்ளம் விழும், மேலே முத்து முத்தாக வியர்த்திருக்கும். இரண்டாவது வாரத்தில் தாகத்தைச் சொன்ன அதே குழி, அறுபது நாளுக்குப் பிறகு குஞ்சு வரப்போகிறது என்று சொல்கிறது. ‘சுருங்கிய முட்டையை அப்புறப்படுத்து’ என்ற வரி மிக மோசமாகப் பாதிப்பது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு மாதம் வளர்ந்து முழுமையான குஞ்சு உள்ளே இருக்கும்போது அதைக் குப்பையில் போடச் சொல்கிறது அந்த வரி. நினைக்கவே வயிறு எரிகிறது.

அதன் பின் குஞ்சு மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஒரு நாள்வரைகூட ஆகலாம். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை அது உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. இரக்கப்பட்டு ஓட்டைக் கிழித்து வெளியே எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரே ஈட்டில் சில முட்டைகள் இரண்டு, மூன்று நாள் பிந்திப் பொரிப்பதும் சாதாரணம். முதல் குஞ்சு வந்ததும் மற்றவை கெட்டுவிட்டன என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

அந்தக் குறிப்புக்கான திருத்தத்தை அடுத்த வாரமே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்தவர்களின் பெட்டிகளில் முட்டைகள் இப்போது இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓணான் வளர்க்கும் வாசகி