கண்மாய் மண்

அன்புள்ள மாப்பிள்ளை முத்தையாவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே ஐப்பசியில் நல்ல மழை. மூன்று வருஷமாக வெடித்துக் கிடந்த நம்மூர்க் கண்மாய் இப்போது மறுகால் பாய்கிறது.

உன் பேத்தி கேட்ட கேள்வியை என் தலையில் கட்டிவிட்டாய். "தீ தின்னுது, வளருது, குட்டி போடுது, அப்புறம் ஏன் தாத்தா அதுக்கு உயிர் இல்லை?" உயிருள்ளவற்றின் அடையாளம் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான்: உண்ணுதல், சுவாசித்தல், கழிவு நீக்கல், வளர்தல், அசைதல், துலங்கல் (தூண்டினால் பதில் காட்டுவது), இனப்பெருக்கம். ஒரு பிள்ளைகூட என்னிடம் தீயைப் பற்றிக் கேட்டதில்லை. தீ ஆக்சிஜன் எடுக்கிறது, சாம்பலைக் கழிக்கிறது, பக்கத்துக் கூரைக்கும் தாவுகிறது. கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காது. அதற்காக அதை உயிரில்லாதது என்று சொல்லிப் பார், ஒரே உதை.

அவளிடம் இப்படிச் சொல்லலாம். தீக்கு வாரிசு உண்டு, சாயல் கிடையாது. அகல்விளக்கிலிருந்து பற்றினாலும் கற்பூரத்திலிருந்து பற்றினாலும் வைக்கோல் தீ வைக்கோல் தீதான். பூசணி விதை அப்படியா? எந்த மண்ணில் போட்டாலும் தாய்ப் பூசணியின் குறிப்பு உள்ளே இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலிலும் ஓட்டை உண்டு. 1935இல் வெண்டல் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். பாட்டிலில் இருக்கும்வரை மூச்சும் இல்லை, பசியும் இல்லை, சீனி மாதிரி சும்மா கிடக்கும். கரைத்து இலையில் தேய்த்தால் பெருகிவிடும். அதை எந்தப் பக்கம் சேர்ப்பது? என்னைக் கேட்டால், அந்தப் பட்டியல் உயிர் நன்றாகக் குடித்தனம் பண்ணும்போது எழுதியது. விளிம்பில் நிற்பவற்றுக்கு அது பொருந்தாது. உயிர் தொடங்கியதும் விளிம்பில்தானே இருந்திருக்கும்?

காய்ந்த கண்மாயில் முதல் மழைக்கே மீன் துள்ளியது ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பத்தா, "மண்ணுதான்டா மீனாகுது" என்றார். நாமும் நம்பினோம். விரால் சேற்றுக்குள் புதைந்து, காற்றை விழுங்கிக் காத்துக்கிடக்கும் என்று பிற்பாடுதான் படித்தேன். அப்பத்தாவைக் கேலி செய்ய வேண்டாம். அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் பானையில் போட்டு வைத்தால் எலி பிறக்கும் என்று வான் ஹெல்மாண்ட் என்ற ஐரோப்பிய அறிஞரே எழுதி வைத்திருக்கிறார். 1668இல் இத்தாலியில் ரெடி என்பவர் இறைச்சி ஜாடிகளில் சிலவற்றை மட்டும் மெல்லிய துணியால் மூடினார். ஈ புகாத அந்த மூடிய ஜாடியில் புழு வரவில்லை. கிருமிகளும் தானாகத் தோன்றுவதில்லை என்று 1860களில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் காட்டினார். உயிரிலிருந்துதான் உயிர் என்று முடிவாயிற்று.

சரி, அப்படியானால் முதல் உயிர்?

இதற்கு டார்வின் சொன்னது புத்தகத்தில் இல்லை, சிநேகிதர் ஹூக்கருக்கு 1871இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அம்மோனியா, பாஸ்பரஸ் உப்புகள், ஒளி, வெப்பம், மின்சாரம் எல்லாம் கூடிய வெதுவெதுப்பான ஒரு சின்னக் குட்டையில் புரதம் உருவாகியிருந்தால்... 'இருந்தால்' என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அவரே அங்கே அலுத்துக்கொள்கிறார். அடுத்து அவர் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. இன்று அப்படி ஒன்று உருவானால், இருக்கிற உயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். அன்று தின்ன ஆளில்லை.

பிறகு ரஷ்யாவில் ஓபரின் 1924இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929இலும், இரண்டு பேரும் விஞ்ஞானிகள், ஆதிக் கடலையே ஒரு சூடான சூப்பாகப் பார்த்தார்கள். நம் பாஷையில் ரசம். (இந்த ஹால்டேன் 1957இல் இந்தியா வந்து, குடியுரிமையும் வாங்கி, 1964இல் புவனேஸ்வரில் கண்மூடினார்.) சிகாகோவில் யூரே என்ற வேதியியல் பேராசிரியரின் மாணவர் மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் தண்ணீர் செவ்வேறியது. அதில் அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் செங்கற்கள். கட்டுரை 1953இல் வந்தபோது யூரே தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை, பையனுக்கே பேர் போகட்டும் என்று. ஆதிக் காற்று இந்தக் கலவையாக இருந்திருக்காது என்ற ஆட்சேபம் பின்னால் வந்தது. ஆனால் மில்லர் விட்டுப்போன பழைய சீசாக்களை 2008இல் மறுபடி சோதித்தபோது, அவர் செய்த சோதனைகளில் ஒன்றின் சீசாக்களிலேயே 22 அமினோ அமிலங்கள் இருந்தன.

செங்கல் கிடைத்தது, வீடு? அமினோ அமிலம் ஒன்றோடொன்று சேரும்போது தண்ணீர் வெளியேற வேண்டும். கடலுக்குள் அது லேசில் நடக்குமா? அதனால்தான் டீமர் என்ற அமெரிக்க விஞ்ஞானி போன்றவர்கள் எரிமலைப் பகுதிக் குட்டைகளைச் சொல்கிறார்கள். காய்ந்தால் சேரும், நனைந்தால் கலையும், மறுபடி காயும். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலிருந்து எடுத்த பொருளே தண்ணீரில் குமிழ் குமிழாகச் சவ்வு கட்டியதை டீமர் காட்டினார். கடலடி வெந்நீர் ஊற்றுகளே தொட்டில் என்பவர்களும் உண்டு. அவர்கள் வாதமும் லேசுப்பட்டதல்ல. நான் குட்டைக் கட்சி. கண்மாய்க்கரையில் வளர்ந்தவன் வேறெங்கே போவேன்? உயிரே விண்ணிலிருந்து வந்தது என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை, கேள்வியை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிற காரியம்.

குறிப்பைச் சுமக்கும் டி.என்.ஏ. முதலா, வேலை செய்யும் புரதம் முதலா என்று இழுபறி இருந்ததே, அதற்கு டி.என்.ஏ.வின் பங்காளியான ஆர்.என்.ஏ.தான் முதல், அது இரண்டு வேலையும் பார்க்கும் என்று ஒரு பதில் சொல்கிறார்கள். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் இன்னும் இருவரோடு நோபல் வாங்கினாரே, செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோம் பற்றிய ஆராய்ச்சிக்காக, அந்த ரைபோசோமில் புரதத்தைக் கோத்துக்கொடுக்கும் இடத்தில் வேலை செய்வது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ.

பேத்திக்கு ஒன்று அனுப்புகிறேன். கோடையில் எடுத்து வைத்த கண்மாய் மண், இரண்டு பொட்டலம். சிவப்பு நூல் கட்டியது அப்படியே எடுத்தது; மற்றதை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துவிட்டேன் (சட்டி உங்கள் தங்கச்சியுடையது, இன்னும் பேச்சுவார்த்தை இல்லை). இரண்டு ஜாடியில் தனித்தனியாகப் போட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி, கொசு முட்டையிடாதபடி வேட்டித் துணியால் வாயைக் கட்டி, நிழல் விழும் ஜன்னலில் வைக்கச் சொல். பத்து நாள் தினமும் லென்ஸ் வைத்துப் பார்க்கட்டும். எதில் எது நீந்துகிறது என்று அவளே எனக்கு எழுதட்டும், நீ குறுக்கே சொல்லிக்கொடுக்காதே.

அன்புடன்,
சண்முகம்