சீரியலுக்கும் முழு விமர்சனம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு மறுநாளே உங்கள் நாளிதழில் அரைப்பக்க விமர்சனம் வந்துவிடுகிறது. ஒளிப்பதிவு, பின்னணி இசை, எடிட்டிங் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. அதே இதழின் சின்னத்திரைப் பக்கத்தில் வருவது என்ன? இந்த வாரம் டி.ஆர்.பி.யில் யார் முதலிடம், எந்த நடிகை விலகினார், அவருக்குப் பதில் யார், நாளைய ப்ரோமோவில் என்ன அதிர்ச்சி. இதையெல்லாம் செய்தி என்று சொல்லலாம், விமர்சனம் என்று சொல்ல முடியாது. தினமும் அரை மணி நேரம் என்று இரண்டு மூன்று வருஷம் வீட்டுக்குள் ஓடும் ஒரு கதையைப் பற்றி, அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு பத்தி கூடவா கிடைக்காது?

நான் பல வருஷமாக மற்ற பார்வையாளர்களோடு இணையத்தில் சீரியல்களைப் பற்றி வாதாடி வருகிறவள். உருப்படியான விமர்சனத்தை நான் படித்தது பெரும்பாலும் அங்கேதான்.

‘எதிர்நீச்சல்’ தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. அதில் குடும்பச் சொத்தில் அப்பத்தா பட்டம்மாளுக்கு இருந்த நாற்பது சதவீதப் பங்கு மாதக்கணக்கில் பேசப்பட்டது. பத்திரிகைகளில் வந்ததெல்லாம் ‘நாற்பது சதவீதம் யாருக்கு?’ என்ற ஒரே கேள்வி. எங்கள் சண்டையோ வேறு மாதிரி. ஜவ்வாக இழுக்கிறார்கள் என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சியில் ஒரு பெண்மணி எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. அந்தப் பங்கு கையை விட்டுப் போகாத வரைக்கும்தான் அந்த வீட்டில் அப்பத்தாவின் பேச்சுக்கு மதிப்பு, பாகப்பிரிவினை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இது புரியும், அதனால் இந்த இழுவைக்குக் காரணம் இருக்கிறது என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் சரிதான், ஆனால் அதைச் சொல்ல ஒரே மாதிரிக் கூடத்துக் காட்சி வாரம் தவறாமல் எதற்கு என்று கேட்டேன். இரண்டு பக்கமும் காட்சி காட்சியாக எடுத்து வைத்துப் பேசினோம்.

சமையலறைக் காட்சிகளைப் பற்றி நடந்த விவாதம் இதைவிடச் சுவையானது. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என நான்கு மருமகள்களும் அடுப்படியில் நின்று பேசுவார்கள். கேலியும் புலம்பலும் கலந்து ஓடும். யாராவது ஆண் வரும் சத்தம் கேட்டால் குரல் இறங்கும், கை தானாகக் காய் நறுக்கப் போகும். அந்த மாற்றத்துக்கு வசனமே கிடையாது, நடிப்பும் இடமும் மட்டும்தான். ஆணாதிக்கத்தைக் கேள்வி கேட்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பெண்கள் அவமானப்படுவதையே தினமும் காட்டி வியாபாரம் செய்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், அடுப்படிக் காட்சிகள் இருக்கும் வாரத்தில் அது கேள்வி கேட்கும் தொடர், அந்த வீட்டை அதட்டி ஆளும் மூத்தவன் குணசேகரனின் கத்தலே காட்சிக்குக் காட்சி நிரம்பிய வாரத்தில் கேள்வி கேட்டவர் சொல்வதுதான் உண்மை. ஒரே தொடர் வாரத்துக்கு வாரம் இப்படி மாறும். ஒரே ஒரு மதிப்பெண் போட்டு முடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து அவர்கள் டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். அவர் நடித்த ஆதி குணசேகரன் வேடத்துக்கு எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி வந்தார். ‘பழைய குணசேகரன் மாதிரி வருமா?’ என்பதற்கு மேல் எந்தப் பத்திரிகையும் போகவில்லை. தேனிப் பக்கத்துக்காரரான மாரிமுத்துவின் பேச்சு வெடுக்வெடுக்கென்று வெட்டி விழும். ‘ஏய், இந்தாம்மா’ என்பது ஊரெல்லாம் பரவியது அந்த வேகத்தால்தான். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான வேல ராமமூர்த்தியின் குரல் கனமானது, நிதானமாக எழும்பி வருவது. முதல் சில வாரங்களில் முன்னவருக்கு எழுதியது போன்ற வசனத்தைத்தான் இவருக்கும் கொடுத்தார்கள் என்றும், நடிகரைக் குறை சொல்வது நியாயமில்லை, எழுத்துதான் ஆளுக்கேற்ப மாறியிருக்க வேண்டும் என்றும் எங்களில் ஒருவர் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அந்தத் தொடரின் வசனகர்த்தா ஸ்ரீவித்யாவின் பெயரும் இயக்குநர் திருச்செல்வத்தின் பெயரும் இப்படிப்பட்ட பேச்சில்தான் அடிபடுகின்றன. சினிமா விமர்சனத்தில் வசனகர்த்தா பெயர் விட்டுப்போனால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இணையத்தில் எழுதுகிற எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. வில்லியாக நடிக்கும் பெண்களை அவர்களின் சொந்தப் பக்கத்துக்கே போய், குடும்பத்தையும் இழுத்து வசைபாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேவலமான வேலை அது. இன்னொரு கூட்டம் எபிசோடையே பார்க்காமல் ப்ரோமோவை வைத்துச் சண்டைக்கு வரும். ப்ரோமோவில் ஒரு காட்சியின் கேள்விக்கு வேறொரு காட்சியில் திடுக்கிட்ட முகத்தை ஒட்டியிருப்பார்கள். முழு எபிசோடில் அந்த முகம் பால் பொங்கியதைப் பார்த்து மாறியதாக இருக்கும். இதை நம்பி ‘அவள் மாமியாரை ஏமாற்றிவிட்டாள்’ என்று நூறு பேர் கொதிக்கிறார்கள். அந்தக் கொதிப்பையே பத்திரிகைகளும் ‘ரசிகர்கள் ஆவேசம்’ என்று செய்தியாக்குவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நிதானமாகப் பேசியவர்களின் ஒரு வரி கூட அச்சில் வராது.

டி.ஆர்.பி. பட்டியலைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை வந்தால் நானும் பார்க்கிறேன். ஆனால் அது, மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்த மீட்டர் சொல்லும் கணக்கு. டிவி ஓடியதா என்று அதற்குத் தெரியும், எதிரில் இருந்தவர் முகம் சுளித்தாரா என்று தெரியாது.

தூர்தர்ஷனில் பதின்மூன்று வாரத் தொடர்கள் வந்த காலத்தில் முடிந்ததும் உட்கார்ந்து ஒரு விமர்சனம் எழுதிவிடலாம். 1999 கடைசியில் ‘சித்தி’ தொடங்கிய பிறகு மெகா தொடர்களுக்கு முடிவுக்காகக் காத்திருக்க முடியாமல் போனது உண்மைதான். அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கல்யாண ட்ராக், ஒரு சொத்து ட்ராக், ஒரு கோர்ட் ட்ராக் என்று ஒவ்வொன்றும் முடியும் இடம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே நிறுத்தி எழுதலாம். எழுதுகிறவர் அந்த ட்ராக் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும், ப்ரோமோவை மட்டும் பார்த்தவராக இருக்கக் கூடாது. வசனம் யார், திரைக்கதை யார், எந்தக் காட்சி மனதில் நின்றது, எது வீணானது என்று சொல்ல வேண்டும். பார்வையாளர்களின் மறுப்புக்கும் பக்கத்திலேயே இடம் விடுங்கள். அப்புறம், நடிகைகளின் சொந்த வாழ்க்கைத் துணுக்குகளை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாலே இதற்கெல்லாம் இடம் கிடைத்துவிடும்.

மாதம் ஒரு தொடர் போதும். எந்தத் தொடரில் தொடங்கலாம் என்று வாசகர்களைக் கேட்டு ஒரு அறிவிப்பு போடுங்கள், என் பட்டியலை உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
திண்டுக்கல்