அக்டோபர் விடுமுறைக்கு ஒரு காட்டேஜ்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். அங்கே மழை பிடித்துவிட்டதா? டிக்கெட் போட்டாகிவிட்டது என்று தம்பி சொன்னதிலிருந்து பெரியவன் தினமும் காலண்டரில் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வருகிறான். சின்னவளுக்கு விவரம் புரியவில்லை. ஆனாலும் அண்ணன் பேனாவை எடுத்தவுடன் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொள்கிறாள்.

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் வந்திருக்கும்போது அக்டோபர் கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை வருகிறது. அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை நாம் ஆறு பேரும் கிராமத்துப் பக்கம் ஒரு காட்டேஜ் எடுத்துத் தங்கப் போகிறோம். இங்கே நாங்கள் இருவரும் காலையில் ஓடினால் இருட்டியபின்தான் திரும்புவோம். நீங்கள் அவ்வளவு தூரம் வந்தும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. நாலு ராத்திரியாவது ஆபீஸ், பள்ளிக்கூடம் எதுவும் இல்லாமல் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

விடுமுறை வாரத்தில் வாடகை நன்றாக ஏறிவிடுகிறது. அதற்காக மற்ற நாளில் பிள்ளையை லீவு போடவைத்துக் கூட்டிப்போக முடியாது. அனுமதியில்லாமல் ஐந்து நாள் நிறுத்தினால், ஒரு பிள்ளைக்கு அப்பாவுக்கு 80 பவுண்டு, அம்மாவுக்கு 80 பவுண்டு என்று தனித்தனியாக அபராதம் வரலாம். அந்த வாரத்தில் பல வீட்டுக்காரர்கள் முழு வாரத்துக்குத்தான் தருவார்கள். நாலு ராத்திரிக்குத் தரச் சம்மதித்த ஒருவர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். திங்கள் சாயங்காலம் நாலு மணிக்குச் சாவி. வெள்ளி காலை பத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

இடம் யார்க்‌ஷயர் டேல்ஸ். 1954லிருந்து தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் வேலியும் டிக்கெட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பள்ளத்தாக்கு, ஆடு மேயும் மலைச்சரிவு, ஊர், சந்தை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். காட்டேஜ் ஒரு காலத்தில் தொழுவமாக இருந்தது. கீழே மாடு, மேலே அவற்றுக்குக் குளிர்காலத்துக்கான உலர்புல் என்று அந்தப் பக்கம் வயலுக்கு வயல் கல்தொழுவம் கட்டி வைத்திருக்கிறார்கள். சிலவற்றை இப்போது வீடாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள். அம்மா, இப்படிப்பட்ட வீடுகளில் மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். உன் முழங்காலை நினைத்து, தரைத்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இருக்கிற வீடாகத்தான் தேடினேன். கிடைத்துவிட்டது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் முற்றத்தில் ஹாட் டப் இருக்கிறது. திறந்த வெளியில் வைத்திருக்கும் பெரிய வெந்நீர்த் தொட்டி. ஐந்தாறு பேர் சுற்றி உட்காரலாம், உட்கார்ந்தால் தண்ணீர் நெஞ்சு வரை வரும். இடுப்பிலும் காலிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் துளைகள் உள்ளே உண்டு. தண்ணீர் 38 டிகிரி இருக்கும், 40க்கு மேல் வைக்க விடுவதில்லை. வெளியே குளிர் உறைக்க, முகம் மட்டும் சில்லென்று இருக்க, நெஞ்சு வரை வெந்நீரில் உட்கார்ந்திருப்பது தனி சுகம். பனிக்காலத்தில் உன் முழங்கால் இறுகிப்போய்க் காலையில் எழுந்து நடக்கச் சிரமப்படுவாயே அம்மா, அந்தக் காலை இந்தத் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது நீட்டி உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா?

ஆனால் அப்பா, உங்கள் பிரஷர் மாத்திரை விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். மாத்திரையும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்துவிடலாம். இதய நோய், பிரஷர், சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்று வீட்டுக்காரர் அனுப்பிய தாளிலேயே போட்டிருக்கிறது. அடுத்த தடவை செக்கப்புக்குப் போகும்போது, 38 டிகிரி வெந்நீரில் பதினைந்து நிமிடம் உட்காரலாமா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். ‘சும்மா குளிக்கிறதுதானே’ என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். அவர் கூடாது என்றால் கரையில் நாற்காலி போட்டுக் காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். சின்னவளையும் இறக்கப் போவதில்லை. நாலு வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறார்கள், அவளுக்கு இன்னும் மூன்றே முடியவில்லை. அவளும் தாத்தாவோடு கரையில் இருப்பாள்.

தண்ணீர் சுத்தமா என்று அம்மா கேட்பாய். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில், 20 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் நடுவில், லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியா நன்றாக வளரும். குமிழிகள் உடையும்போது எழும் நீர்த்துளியை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். இதற்காகவே 2017இல் இங்குள்ள அரசின் பணியிடச் சுகாதார, பாதுகாப்பு அமைப்பு தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதனால் வீட்டுக்காரரிடம் கேட்டேன்: ஒவ்வொரு குடும்பமும் போனபின் தண்ணீரை மாற்றுகிறீர்களா, குளோரின் யார் பார்ப்பது என்று. முழுக்க வடித்துத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவாராம். நாம் இருக்கும் நாட்களிலும் தினம் வந்து குளோரினைச் சோதிப்பாராம். புதுத் தண்ணீர் சூடேறப் பல மணி நேரம் ஆகும், திங்கள் இரவுக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள் என்றும் அவரே சொன்னார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. காலை பத்துக்கு ஒரு குடும்பம் போய், நாலு மணிக்கு அடுத்த குடும்பத்துக்குத் தொட்டி கொதிக்கக் கொதிக்கத் தயார் என்றால், தண்ணீரை மாற்றினார்களா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும். அம்மா, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் தண்ணீரெல்லாம் நுரைத்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும், குளோரினும் வேலை செய்யாது. அந்த நாலு நாள் மட்டும் தேங்காய் எண்ணெயை ஒதுக்கி வை. புடவை, நைட்டியோடும் இறங்க முடியாது. ஆனால் கணுக்கால் வரை, முழுக்கை வைத்த நீச்சல் உடை இங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது. முற்றத்தைச் சுற்றி ஆள் உயரச் சுவர் இருக்கிறது, வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கூச்சப்படாதே.

அப்பா, ரயில்வேயில் அத்தனை வருஷம் இருந்த உங்களுக்கு நான் வைத்திருப்பது வேறு. பக்கத்தில் ரிபிள்ஹெட் என்ற இடத்தில் 24 வளைவுகள் கொண்ட கல்பாலம் இருக்கிறது. செட்டில், கார்லைல் என்ற ஊர்களுக்கு இடையே ஓடும் ரயில் பாதைக்காகக் கட்டியது. அந்தப் பாதையில் 1876இல் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. பொட்டல் சதுப்பு நிலம், ஓயாத காற்று, அதன் நடுவே குடிசை போட்டுத் தங்கிக் கட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே உயிரை விட்டார்கள். 1980களில் பாலம் பழுதாகிவிட்டது என்று பாதையையே மூடப் பார்த்தார்கள். மக்கள் விடாமல் போராடி 1989இல் காப்பாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அதன்மேல் ரயில் போகிறது. ஒரு நாள் கீழே நின்று பார்ப்போம், இன்னொரு நாள் அதன்மேலேயே போவோம். வழியெல்லாம் வயல்வரப்பில் சாந்து இல்லாத கல்சுவர்களையும் பார்ப்பீர்கள். இரண்டு பக்கமும் கல் அடுக்கி, நடுவே சில்லுக்கல் நிரப்பி, இடையிடையே இரண்டையும் பிணைக்க நீளக்கல் வைத்திருக்கிறார்கள். சிமென்ட் ஒரு சொட்டு கிடையாது.

அந்த வாரத்தில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மேகம் விலகினால் வானம் கொள்ளாத நட்சத்திரம். 2020இல் அந்தப் பகுதியை, விளக்கு வெளிச்சம் வானத்தைக் கெடுக்காமல் காக்கும் இருள்வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நம் ஊரில் அடிவானத்தை ஒட்டி மங்கலாகத் தெரியும் துருவ நட்சத்திரம், இங்கே வானத்தில் பாதிக்கு மேலே நிற்கிறது. சப்தரிஷி மண்டலம் இங்கே மறைவதே இல்லை. மொட்டை மாடியில் எங்களுக்குக் காட்டியது போலப் பெரியவனுக்கும் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சமையலறை முழு வசதியோடு இருக்கிறது. அரிசி, பருப்பு, இட்லி மாவு எல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போகிறோம். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும். செல்போன் சிக்னல் சரியாக இருக்காது. ஆனால் வைஃபை உண்டு, தம்பி வழக்கம்போல வாட்ஸாப்பில் பேசலாம்.

முன்பணம் கட்டிவிட்டோம். மீதிப் பணத்தைப் பயணத்துக்கு எட்டு வாரம் முன்பு கட்ட வேண்டும். அதற்குள் எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். டாக்டர் என்ன சொன்னார் என்பது ஒன்று. அம்மாவின் உடை அளவு இன்னொன்று, மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் அங்கே தையல்காரரிடம் எடுத்து அனுப்பினால் போதும். நல்ல பிடிமானமுள்ள ஷூ இருவருக்கும் கட்டாயம் வேண்டும், கல்தரை ஈரத்தில் வழுக்கும். அதை அங்கேயே வாங்கிப் போட்டு நடந்து பழகிவிடுங்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டெல்லாம் இங்கே வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் அந்த இடத்தில் கொஞ்சம் வடகம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்