மாப்பிள்ளைக்கு மலை மேல் மனை வேண்டுமாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குளிருக்குக் கூடுகிறது, வெயில் எட்டிப் பார்த்தால் குறைகிறது. டொராண்டோவில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நம் கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் பத்து சென்ட், மரவீடு, கண்ணாடிச் சுவர், எதிரே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், பின்னணியில் புல்லாங்குழல். "மாமா, இதே மாதிரி நமக்கு ஒன்று பாருங்கள். வருஷத்தில் ஒரு மாசம் நாங்கள் வந்து இருப்போம், மற்ற நாளெல்லாம் வாடகைக்கு விட்டால் லோன் தானாகக் கட்டிக்கொள்ளும்" என்று குரல் பதிவு வேறு. நேரடியாக அவருக்குப் பதில் சொன்னால், மாமனார் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்துவிடுவார். அதனால் உனக்கு எழுதுகிறேன். பக்குவமாக எடுத்துச் சொல்வது உன் பொறுப்பு.

கொடைக்கானலில் இடம் விற்ற கமிஷனில்தான் உன்னைப் படிக்க வைத்தேன். தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பார்ட்டி எப்படி விழுகிறது என்பதை என் மகளுக்குச் சொல்லலாம் இல்லையா?

மே மாதம், மதுரையில் நாற்பது டிகிரி. குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். வத்தலக்குண்டு வரைக்கும் யாருக்கும் நிலம் வாங்கும் எண்ணமே இருக்காது. டம்டம் பாறையில் வண்டியை ஓரங்கட்டி எலிவால் அருவியைப் படம் எடுப்பார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி வருவதற்குள் ஸ்வெட்டர் வெளியே வந்திருக்கும். அங்கே ஆளுக்கொரு வேகவைத்த சோளம். பாதிக் கதிர் தின்றதும் வீட்டுக்காரர், "பேசாம இங்கயே ஒரு இடம் வாங்கிப் போட்டுடலாமா?" என்பார். அரை மணி நேரத்தில் என் போன் அடிக்கும்.

கேட்பது எல்லாரும் ஒன்றையேதான். ஏரி தெரிய வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வீடு இருக்கக் கூடாது, ஆனால் ராத்திரி பயமாகவும் இருக்கக் கூடாது. முப்பது லட்சத்துக்குள் முடிய வேண்டும். அப்படி ஒரு இடம் இருந்தால் நான் ஏன் வெளியில் விடப் போகிறேன்? "இருக்கு சார், நாளைக்கே பார்த்துடலாம்" என்பேன். வானம் தெளிவாக இருந்தால் பள்ளத்தாக்கைக் காட்டுவேன். பனிமூட்டம் இறங்கிவிட்டால் இன்னும் விசேஷம். பக்கத்து மனையின் செப்டிக் டேங்க் தெரியாது. பார்ட்டி கையை விரித்துக்கொண்டு மேகத்துக்குள் நிற்பார், வீட்டம்மா வீடியோ எடுப்பார், நான் டோக்கன் அட்வான்ஸ் பற்றிப் பேச்செடுப்பேன்.

போன சீசனில் சென்னையிலிருந்து ஒருவர் வாஸ்து நிபுணரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அட்டுவம்பட்டி தாண்டி ஒரு சரிவு. நிற்பதற்கே ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே வைக்க வேண்டும். நிபுணர் திசைகாட்டியைக் கையில் வைத்துச் சுற்றினார், வழுக்கினார், என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சுற்றினார். "ஈசானியம் தாழ்ந்திருக்கணும், இங்கே உசந்திருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். உண்மைதான், ஈசானியத்தில் ஒரு முழு மலை நிற்கிறது. பார்ட்டி என்னைப் பார்த்தார். "அதைக் கொஞ்சம் வெட்டிவிட முடியுமா?" அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பாப்பா. "சார், இங்கே பொக்லைன் இறக்கவே அனுமதி வாங்கணும், அந்த மலை வனத்துறையுடையது" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "வனத்துறையில் உங்களுக்கு ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரே வெயிலுக்குப் பயந்து ஏறியவர்களால் உண்டானதுதான். சமவெளியின் சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845-ல் வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள்தான் முதல் சீசன் பார்ட்டி. அடுத்து லெவிஞ்ச் கலெக்டர், 1863-ல் ஓடையைத் தடுத்து ஏரி உண்டாக்கினார். ஒரு மனைப்பிரிவுக்கு என்ன இருந்தால் விலை ஏறும் என்று தெரிந்த முதல் ஆள் அவர். பள்ளத்தாக்கு ஓரமாகப் போகிற நடைபாதை, கோக்கர்ஸ் வாக், வந்தது 1872-ல். நாங்கள் எல்லாம் அவர்கள் போட்ட பாதையில் கமிஷன் வாங்குகிறவர்கள்.

சரி, இடம் வாங்கி, வீடும் கட்டிவிட்டார்கள் என்று வை. அந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள்? வாட்ச்மேன். நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு பங்களா இருக்கிறது. முதலாளி வருஷத்துக்கு ஒரு வாரம் வந்தால் அதிகம், அந்த ஒரு வாரமும் கீசர் ரிப்பேர், ஈரச்சுவர், வைஃபை என்று போனிலேயே நிற்பார். பூட்டி வைத்த அலமாரியைத் திறந்தால் தோல் செருப்பெல்லாம் பூஞ்சை பூத்து வெள்ளையாக இருக்கும். மீதி நாளெல்லாம் பள்ளத்தாக்கைப் பார்த்த வராந்தாவில் வாட்ச்மேன் சம்சாரம் உட்கார்ந்திருக்கிறாள். இத்தாலி டைல்ஸ் மேல் சாக்கை விரித்து மலைப்பூண்டு காயப் போட்டிருக்கிறாள். நம் ஊர்ப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே பூண்டு. "அண்ணே, இந்த டைல்ஸ் நல்லா சூடு புடிக்குது" என்று என்னிடம் சொன்னாள். இத்தனை வருஷத் தொழிலில் கட்டுமானப் பொருளைப் பற்றி மனசார நல்ல வார்த்தை சொன்னவள் அவள் ஒருத்திதான்.

இன்னொரு வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தார். சிசிடிவியில் பார்த்திருக்கிறார். "உங்க ஊர் மாடு ஒண்ணு எங்க தோட்டத்துல நிக்குது, ஓனர் யாருன்னு விசாரிச்சு ஓட்டச் சொல்லுங்க." படத்தை அனுப்பினார். காட்டெருமை. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிற்குமே, நம் தெருவில் அது வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாயே, அதுதான். "ஓனர் தமிழ்நாடு அரசாங்கம் சார், அதுவா போனாத்தான் உண்டு" என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

இப்போது இ-பாஸ் கூத்து வேறு. 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்குப் பாஸ் கட்டாயம், உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 ஏப்ரலில் சீசனுக்கு எண்ணிக்கையும் வரையறுத்தார்கள்: வேலை நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. 2011 கணக்கெடுப்பில் ஊர் ஜனத்தொகையே 36,501-தான் என்றால் நீயே யோசித்துக்கொள். உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் எங்கே போவது? மே மாதம் பெருமாள்மலையிலிருந்து வண்டி நகராது. அம்மா ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூட விடியற்காலையில் நடந்தே போய் வந்துவிடுகிறாள். பங்களா முதலாளிகள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "சொந்த வீட்டுக்கு வர நான் எதுக்குப் பாஸ் எடுக்கணும்?" நான்தான் இங்கே உட்கார்ந்து அவர்களுக்குப் பதிவு செய்து அனுப்புகிறேன். அதற்குக் கமிஷன் கிடையாது.

மாப்பிள்ளை சொன்ன வாடகை விஷயத்துக்கு வருகிறேன். இதை மட்டும் அவருக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டு. எங்கே என்ன கட்டலாம் என்று இங்கே 1993-லேயே மாஸ்டர் பிளான் ஒன்று போட்டார்கள். குடியிருப்பு என்று அனுமதி வாங்கிவிட்டு லாட்ஜ் மாதிரி நடத்தியவர்கள், அனுமதியே இல்லாமல் கட்டியவர்கள் என்று 2019-ல் நீதிமன்ற உத்தரவின்படி வரிசையாக சீல் வைத்தார்கள். மலைக் கிராமங்களில் ஹாக்கா ஒப்புதல், அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல், என்று ஒன்று இருக்கிறது. வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை என்று ஒவ்வொரு வாசலாகத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்த வீடியோக்காரர் புல்லாங்குழல் வாசித்தாரே தவிர இதை வாசிக்கவில்லை.

நிலத்தையும் பார்க்க வேண்டும். மலிவாக வருகிறது என்றால் முக்கால்வாசி நிபந்தனைப் பட்டாவாக இருக்கும். நிலமில்லாத ஏழைக்கு அரசாங்கம் கொடுத்தது. நிபந்தனையை மீறி விற்றால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளும், வாங்கியவன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இல்லையென்றால் பாதி நிலம் ஓடைப் புறம்போக்கில் நிற்கும். கோடையில் ஓடை இருந்த தடமே தெரியாது, ஐப்பசியில் அதுவே வந்து சொல்லும். தாய்ப்பத்திரம், முப்பது வருஷ வில்லங்கம், சர்வேயரை வைத்து அளந்த படம், இந்த மூன்றும் இல்லாத மனையை நான் காட்டுவதே இல்லை. காட்டுகிற புரோக்கர்கள் என்னை விடப் பெரிய கார் வைத்திருக்கிறார்கள் என்று அம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். "பிள்ளைங்க ஆசைப்பட்டு வர்றதைக் கெடுக்காதீங்க" என்கிறாள். கெடுக்கவில்லை. வாருங்கள், நம் வீட்டிலேயே இருங்கள். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியாது, எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க்தான் தெரியும். உன் தாத்தா காற்று அடிக்காத இடமாகப் பார்த்துக் கட்டினார். இந்த ஊர்ப் பழைய ஆள் எவன் வீட்டுக்கும் வியூ கிடையாது, கவனித்திருக்கிறாயா? ஆறு மாசம் பனியை வெட்டித் தள்ளுகிற ஊரில் இருந்துகொண்டு, இங்கே குளிரை விலை கொடுத்து வாங்கப் பார்க்கிறாரே மாப்பிள்ளை, அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. குறிஞ்சி பார்க்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். அதற்கு லீவு போட்டுக்கொண்டு வந்தால் போதும், கிரயம் பண்ண வேண்டியதில்லை.

அப்படியும் மாப்பிள்ளை பிடிவாதமாக இருந்தால், அக்டோபர் கடைசியில் வரட்டும். மழையில் பத்து நாள், கரண்ட் இல்லாமல் இரண்டு நாள், அதே வில்பட்டிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்து பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவரும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு விசாரித்தார் என்று சொன்னாயே, அவர் நம்பரை அனுப்பி வை. அவரை மே மாதமே வரச் சொல்.

அன்புடன்,
அப்பா