திறந்த பாடநூலுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

முதலாண்டுப் புள்ளியியலுக்கான எங்கள் திறந்த பாடநூல் இந்தக் கல்வியாண்டில் எல்லா வகுப்புப் பிரிவுகளுக்கும் வந்துவிட்டது. மாணவர்கள் காசில்லாமல் படிக்கிறார்கள், பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்த பிறகும் நூல் அவர்களிடமே இருக்கும். அட்டையில் இருப்பது எங்கள் பெயர்கள்தான், ஆனால் நூலை நிறுத்திவைத்த கைகள் வேறு பல. யார் என்ன செய்தார்கள் என்பதை விவரமாகச் சொல்லியே நன்றி கூறுகிறோம். இந்த நூல் ஒரு நல்கையால், அதாவது நிதியுதவியால், எழுதப்பட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய நல்கைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கும் அது உதவட்டும்.

முதல் வணக்கம் நல்கைக் குழுவுக்கு. இந்தத் தொகையால் யாரும் பணக்காரர் ஆவதில்லை. அது வாங்கித் தருவது நேரத்தை. பாதித் தொகை ஒப்பந்தத்தின்போது, மீதி ஒரு செமஸ்டர் வகுப்பில் பயன்படுத்திய பிறகு என்று நீங்கள் வைத்த நிபந்தனை மிகச் சரியானது. எழுதி முடித்ததுமே முழுப் பணமும் கைக்கு வந்துவிட்டால், நூல் இணையத்தில் கிடக்கும், வகுப்பில் பழைய நூலே ஓடும். இரண்டாம் ஆண்டுத் திருத்தங்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்ததற்குத் தனி நன்றி. எங்களில் ஒருவருக்குக் கோடைச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு வகுப்பைக் குறைத்து, அதற்கு மாற்று ஆசிரியரையும் தேடித் தந்த துறை அலுவலகத்துக்கும் நன்றி.

உரிமங்களைப் பார்த்துக்கொண்ட நூலகருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் அமைப்பான ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013இல் வெளியிட்ட அறிமுகப் புள்ளியியல் நூல்தான் எங்களுக்கு அடித்தளம். அது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமங்களில் ஒன்றான பெயர்குறிப்பு உரிமத்தில் வெளியானதால், மூலத்தைச் சொல்லிவிட்டு வெட்டலாம், சேர்க்கலாம், மாற்றலாம். ஆனால் ஓப்பன்ஸ்டாக்ஸின் சின்னமும் அட்டை வடிவமும் அந்த உரிமத்துக்குள் வராது என்று எடுத்துச் சொல்லி, இரண்டையும் நீக்க வைத்தவர் அவர். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, தலைப்பு, படைத்தவர், மூலம், உரிமம், நாம் செய்த மாற்றம் என்று விரிதாளில் பதிந்தார். இந்தத் தாளை முதல் நாளே தொடங்க வேண்டும். கடைசியில் உட்கார்ந்தால் பாதிப் படங்களின் மூலம் யாருக்கும் நினைவிருக்காது. ‘வழிப்பொருள் கூடாது’ என்ற உரிமம் கொண்ட படத்தை மாற்றி வெளியிட முடியாது. ‘அதேபோல் பகிர்’ என்றால் தழுவலையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அதனால் ‘வணிகமற்றது, அதேபோல் பகிர்’ உரிமத்தில் உள்ள பகுதியையும், வணிகத் தடை இல்லாத ‘அதேபோல் பகிர்’ பகுதியையும் கலந்து ஒரே தழுவலாக ஆக்கவும் முடியாது. தரவுக்கு அவர் காட்டிய வழி எளிது: அமெரிக்கக் கூட்டரசு தயாரித்த ஆவணங்களுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வானிலை அட்டவணைகள் எல்லாம் அப்படி வந்தவை. மாநில, நகராட்சித் தரவுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

ஊனமுற்ற மாணவர்களுக்கான சேவை மையத்தில் நூலைச் சோதித்தவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒட்டுறவு, அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் விதம், பற்றிய அத்தியாயத்தில், அண்டார்க்டிகாவின் பால்மர் பகுதியில் அளந்த 344 பென்குயின்களின் தரவு இருக்கிறது. மூன்று இனங்களையும் மொத்தமாகப் பார்த்தால், அலகு நீளும்போது அதன் தடிப்பு குறைவதுபோல் தெரியும். இனம் இனமாகப் பிரித்தால் நேர்மாறாக, நீளத்தோடு தடிப்பும் கூடும். பாடத்தின் உயிரே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரையில் ‘சிதறல் வரைபடம்’ என்று மட்டும் எழுதினால், திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கும் மாணவருக்கு ஒன்றும் போய்ச்சேராது. அச்சுகளில் என்ன இருக்கிறது, மொத்தக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, மூன்று இனங்களின் கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று மூன்றே வாக்கியங்களில் அவர் எழுதித் தந்ததுதான் இப்போது நூலில் உள்ளது. இனங்களை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் வட்டம், முக்கோணம், சதுரம் என்று ஆக்கச் சொன்னதும் அவரே. நிறக்குருடு உள்ளவருக்கு மட்டுமல்ல, கறுப்பு வெள்ளையில் அச்சிடுபவருக்கும் அது கைகொடுக்கிறது. சமன்பாடுகளைப் படமாக ஒட்டாமல், கணிதக் குறியீடுகளை எழுத்தாகவே எழுதும் லேடெக்கில் தட்டச்சு செய்யவும் வைத்தார். படமாக இருந்தால் வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.

வீட்டுப்பாடக் கணக்குகளை மைஓப்பன்மேத் என்ற இலவச இணையதளத்தில் ஏற்றிய உதவி ஆசிரியர்களுக்கு அடுத்த நன்றி. நூல் இலவசம், ஆனால் வீட்டுப்பாடம் செய்யக் காசு கொடுத்து நுழைவுக் குறியீடு வாங்க வேண்டும் என்றால், செலவு வேறு வாசல் வழியே திரும்ப வந்துவிடும். பல துறைகள் பழைய பதிப்பகத்தை விட முடியாமல் நிற்பது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு மாணவருக்கும் எண்கள் மாறி வரும் கணக்குகளில் இரண்டு இடங்களில் வில்லங்கம் வரும். எண்ணிக்கைகள் எதிர்பார்த்தபடி அமைகின்றனவா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனையில், தற்செயல் எண்களால் எதிர்பார்க்கும் அலைவெண் 5க்குக் கீழே இறங்கினால், சோதனையே பொருந்தாமல் போகும். அட்டவணை பார்த்துச் செய்தவர் விடையும் மென்பொருளில் செய்தவர் விடையும் மூன்றாம் தசம இடத்தில் மாறுபட்டால், சரியாகச் செய்தவருக்கு மதிப்பெண் போகும். எண்களின் எல்லையையும் ஏற்கத்தக்க விலகலையும் கணக்குக் கணக்காக நிர்ணயித்தார்கள். கண்ணில் படாத, மிகப் பொறுமையான வேலை அது.

வளாகப் புத்தகக் கடை மேலாளரையும் மறக்க மாட்டோம். பாட அட்டவணையிலேயே நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணும் விலையும் தெரிய வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் கூட்டரசு உயர்கல்விச் சட்டம். எந்த நூல் என்று கடைக்குச் சொல்லும் படிவத்தை ஆசிரியர் நிரப்பாமல் விட்டால் போன ஆண்டு நூல் தானாகவே பட்டியலில் ஏறிவிடக்கூடும், மாணவர் அதை வாங்கியும் விடுவார். ‘நூல் வாங்கத் தேவையில்லை’ என்பதை எல்லாப் பிரிவுகளுக்கும் கெடுவுக்குள் பதிந்து, தாளில் படிக்க விரும்புவோருக்கு அச்சுச் செலவு விலையில் படிகளும் வைத்தார்.

பிற கல்லூரிகளிலிருந்து மதிப்புரை தந்தவர்களுக்கும், பயிற்சி மையத்தில் பிழை குறித்துக் கொடுத்த மாணவர்களுக்கும் எங்கள் அன்பு. பயிற்சிக் கணக்குகளின் எண் வரிசை செமஸ்டர் நடுவில் மாறக்கூடாது என்று கேட்டவர்கள் மாணவர்கள்தான். அதனால் விடைப் பிழைகளை உடனே பிழைதிருத்தப் பக்கத்தில் போடுகிறோம், கணக்குகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கோடையில் மட்டும்.

இனியும் பிழை கண்டால் எழுதுங்கள். பக்க எண் வேண்டாம், பிடிஎஃப்பிலும் கைபேசியிலும் அது வேறு வேறாக வரும். நூலில் உள்ள பிரிவு எண்ணும் கணக்கு எண்ணும் போதும்.

நன்றியுடன்,
புள்ளியியல் பாடநூல் குழுவினர்